வேலிக்குள் ஒரு வேட்டை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்துக் காலை. குருமலைக் காட்டை ஒட்டிய ஒரு கரிசல் கிராமத்தில் திருப்பலி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊருக்கு வெளியே, தூர்ந்துபோன கமலைக் கிணறு ஒன்றைச் சுற்றிக் கூட்டம் நின்றது. எட்டிப் பார்த்தோம். நாய்களுக்கு அஞ்சி ஓடிவந்த புள்ளிமான் ஒன்று உள்ளே விழுந்து, கால்கள் நடுங்கச் சுவரோடு ஒட்டி நின்றது. நீரில்லாக் கிணறு. ஏறவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை.

கயிறும் கம்பும் வந்துவிட்டன. "சாமி, நீங்க கண்டுக்கிடாமப் போயிருங்க" என்றார் ஓர் இளைஞர். அப்போது கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர் குரலை உயர்த்தினார். இளமையில் முயல் வேட்டைக்குப் பேர்போனவர் அவர். "ஏலே, கெணத்துக்குள்ள கெடக்கிறத அடிக்கிறதுக்குப் பேரு வேட்டையாலே? அது ஓடணும், நாம வெரட்டணும். தப்பிச்சா அதுக்கு, சிக்குனா நமக்கு. இது கோழிக்கூட்டுக்குள்ள கைய விடுத மாதிரில்லா இருக்கு!"

அவருக்கு மறுமொழி உடனே வந்தது. தம் புஞ்சையை இழந்த ஒரு விவசாயி சொன்னார்: "ஒரு ஏக்கர் மக்காச்சோளம் போச்சு. அது வந்து மேயும்போது ஞாயம் பாத்துச்சா? சாமி, நீங்களே சொல்லுங்க."

நாம் ஒன்றும் சொல்லவில்லை. வனத்துறைக்கு ஆள் போயிற்று. வலை கட்டி மானை மேலேற்றிக் காட்டில் விட்டார்கள். மான் தப்பியது, கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. துரத்திக் கொல்வதற்கும் அடைத்துக் கொல்வதற்கும் உண்மையில் வேறுபாடு உண்டா? இரண்டிலும் மான் சாகத்தானே செய்கிறது? அன்று சொல்லாத மறுமொழியைச் சற்று வரலாற்றின் துணையோடு இங்கே தேட முயல்கிறோம்.

கரிசல் மண்ணின் ஓட்டம்

வேட்டை நம் மண்ணுக்குப் புதியதன்று. கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர்ப் பகுதிகளின் பெருமை எனச் சொல்லப்படும் சிப்பிப்பாறை நாயையும் கன்னி நாயையும் பாருங்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய பார்வை. மோப்பத்தை நம்பி அல்ல, கண்ணை நம்பி வேட்டையாடும் இனங்கள் அவை. மரம் மறைக்காத, கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும் கரிசல் வெளியே அவற்றுக்கு அந்த உடலைத் தந்தது. அதே வெளிதான் முயலுக்கும் வெளிமானுக்கும் ஓட்டத்தைத் தந்தது.

வெளிமான் என்ற பெயரே பொருள் பொதிந்தது. காட்டில் ஒளியாமல் வெட்டவெளியில் வாழ்வது. முறுக்கிய கொம்பும், முதுகில் கருமையும் வயிற்றில் வெண்மையும் கொண்ட அதன் ஆண், இந்தியாவின் அழகிய விலங்குகளுள் ஒன்று. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஒரு காலத்தில் நாடெங்கும் சமவெளிகளில் மந்தை மந்தையாகத் திரிந்த இவ்வினம், தென்கோடியில் இன்று எஞ்சியிருப்பது திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையை ஒட்டிய வல்லநாட்டுக் குன்றில்தான். 1987ஆம் ஆண்டு அக்குன்று சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 16 சதுரக் கிலோமீட்டர். கடலளவு வெளியில் ஓடிய இனத்துக்கு நாம் விட்டுவைத்தது அவ்வளவே.

பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் கதையை வாசகர்கள் அறிவார்கள். வேட்டை நாய்கள் துரத்திவந்த முயலொன்று ஓரிடத்தில் சட்டென நின்று, திரும்பி, நாய்களையே எதிர்த்து விரட்டியதாம். இம்மண்ணில் வீரம் விளையும் என்று கண்டு அங்கே கோட்டை எழுந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, அது காட்டும் மனம் மெய். கரிசல் மக்கள் தம் ஊரின் பெருமையை முயலைப் பிடித்த நாயிடம் காணவில்லை. திரும்பி நின்ற முயலிடம் கண்டார்கள். திரும்பி நிற்க முயலுக்கு இடமிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

மன்னர்களின் வேலி

அடைத்து வைத்து வேட்டையாடுவது ஏழைகளின் கண்டுபிடிப்பன்று; அரசர்களின் கண்டுபிடிப்பு. பாரசீகப் பேரரசர்கள் பரந்த நிலங்களுக்கு மதில் எழுப்பி, உள்ளே விலங்குகளை வளர்த்து, விரும்பியபோது சென்று வேட்டையாடினர். கிரேக்க எழுத்தாளர் செனபோன், பாரசீக மன்னன் சைரசின் வாழ்வைப் பற்றிய தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சிறுவனான சைரசு முதலில் தன் பாட்டனாரின் மதில் சூழ்ந்த பூங்காவில் வேட்டையாடிக் களிக்கிறான். பின்பு ஒருநாள் மலைவெளியில் வேட்டைக்குப் போகிறான். திரும்பி வந்து, பூங்காவுக்குள் நாம் ஆடியது கட்டிப்போட்ட விலங்குகளை வேட்டையாடியது போன்றது என்று தன் தோழரிடம் கூறுகிறான். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூலில் நம் கரிசல் முதியவரின் குரல் கேட்கிறது!

அம்மதில் சூழ்ந்த பூங்காவுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர் 'பரதெய்சோஸ்'. பழைய ஈரானிய மொழியில் சுற்றுச்சுவர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு இச்சொல்லையே இட்டார்கள். சிலுவையில் தொங்கிய ஆண்டவர் நல்ல கள்வனுக்கு அளித்த வாக்குறுதியிலும் லூக்கா இச்சொல்லையே எழுதினார். அரசன் கொன்று விளையாடிய வேலியின் பெயர், கொலையே இல்லாத வீட்டின் பெயராயிற்று.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் வேறு வடிவில் இருந்தது. மொகலாயர் 'கமர்கா' என்றொரு வேட்டை நடத்தினர். பல்லாயிரம் பேர் பெருவட்டமாக நின்று, நாள்கணக்கில் விலங்குகளை உள்நோக்கித் துரத்தி, வட்டத்தைச் சுருக்குவர். இறுதியில் மன்னர் உள்ளே புகுந்து கொல்வார். 1567ஆம் ஆண்டு லாகூர் அருகே அக்பர் நடத்திய கமர்கா புகழ்பெற்றது. ஆனால், 1578ஆம் ஆண்டு ஜீலம் ஆற்றங்கரையில் பேரா என்ற இடத்தில் இன்னொரு கமர்காவுக்கு எல்லாம் ஆயத்தமாகி, விலங்குகள் வட்டத்துக்குள் வந்துவிட்ட வேளையில், அக்பர் திடீரென உள்ளம் மாறினார். ஒரு சிறு பறவைக்கும் தீங்கு நேராமல் அனைத்தையும் விட்டுவிடுமாறு கட்டளையிட்டார். அன்று அவருக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பலவாறு எழுதுகிறார்கள். இரண்டே ஆண்டுகளில், 1580இல், இயேசு சபைக் குருக்களான முத்திப்பேறு பெற்ற ருடால்ஃப் அக்குவாவிவாவும் அந்தோணி மான்செராத்தும் அவர் அழைப்பை ஏற்றுப் பதேப்பூர் சிக்ரி அரண்மனையை அடைந்தார்கள். அம்மன்னரின் அமைதியற்ற தேடலின் ஒரு படி அந்த வட்டத்துக்குள் நிகழ்ந்தது என்று எண்ணுவதில் தவறில்லை.

வெளிமானைப் பிடிக்க அரசர்கள் சிவிங்கியையும் பழக்கினர். கண்ணை மூடிய சிவிங்கியை மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்வர். உழவரின் மாட்டுவண்டிக்கு மான் அஞ்சுவதில்லை; நாள்தோறும் காண்பதல்லவா? அந்த நம்பிக்கையையே மறைவாகப் பயன்படுத்தி மந்தையை நெருங்கி, கண்கட்டை அவிழ்த்து விடுவர். அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் எழுதினார். கூண்டில் சிவிங்கி பெருகுவது அரிது. ஆகவே காட்டிலிருந்து மீண்டும் மீண்டும் பிடித்தார்கள். காடு வெறுமையாயிற்று. 1947ஆம் ஆண்டு மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தான மன்னர் இரவில் வண்டியில் சென்றபோது மூன்று சிவிங்கிகளைச் சுட்டுக் கொன்றார். அவையே இந்நாட்டின் கடைசிச் சிவிங்கிகள் எனப்படுகின்றன. 1952இல் அவ்வினம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. 2022ஆம் ஆண்டு நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

'நேர்மையான வேட்டை'

வேட்டைக்கு நேர்மை விதி வகுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் நண்பர்களும் 1887ஆம் ஆண்டு ஒரு வேட்டைக் கழகம் தொடங்கினர். தோல் வணிகரும் இறைச்சி வணிகரும் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றழித்திருந்த காலம் அது. விலங்கு சுதந்திரமாகத் திரிய வேண்டும். தப்பிக்க அதற்கு வாய்ப்பு இருக்க வேண்டும். வேட்டையாடுபவன் முறையற்ற சாதகத்தைக் கொள்ளலாகாது. நீரில் நீந்தும் மானையும் அடைபட்ட மானையும் கொல்லலாகாது என்பன அவர்கள் கொள்கைகள். நம் முதியவர் ஒரு வரியில் சொன்னதன் விரிவே இது.

1902ஆம் ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவராயிருந்த ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்குக் கரடி கிட்டவில்லை. உடனிருந்தோர் ஒரு கரடியைப் பிடித்து, அடித்துக் களைக்கவைத்து, மரத்தில் கட்டி, சுடுமாறு அவரை அழைத்தார்கள். கட்டுண்டதைச் சுடமாட்டேன் என்று அவர் மறுத்தார். செய்தி கேலிச்சித்திரமாகப் பரவியது. இன்று நம் வீட்டுக் குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் 'டெடி' கரடிப் பொம்மை அதிலிருந்து பிறந்தது.

அழகிய கதை. ஆனால், கதையின் கடைசி வரியைப் பலர் சொல்வதில்லை. காயமுற்ற அக்கரடியின் துன்பத்தை முடித்துவிடுமாறு ரூஸ்வெல்ட் பணித்தார். அது கத்தியால் கொல்லப்பட்டது. தலைவரின் கை தூய்மையாயிருந்தது. கரடி செத்தது. அந்த இறுதிக் கொலை இரக்கச் செயலே என்று கொண்டாலும், நேர்மை விதி யாரைக் காத்தது என்ற கேள்வி எஞ்சுகிறது.

நம் மாநிலத்திலும் இப்படியொரு முரண் நடந்தது. 1879ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. எக்காலத்தில் வேட்டையாடலாகாது என்பது விதிக்கப்பட்டது. விலங்குகளுக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால், துப்பாக்கியோடு வந்த துரை 'விளையாட்டு வீரர்' ஆனார். வயிற்றுக்காகக் கண்ணி வைத்த மலைவாழ் மனிதன் 'திருடன்' ஆனான். நேர்மையின் எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று நிலைமை இன்னும் வினோதமானது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வெளிமான் நம் நாட்டில் முழுப் பாதுகாப்புப் பெற்றது. அதைத் துரத்தினாலும் குற்றம், அடைத்தாலும் குற்றம். ஆனால், 1932ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பண்ணைகளில் நம் வெளிமானும் புள்ளிமானும் கொண்டுபோய் விடப்பட்டு, இன்று அங்கே பல்லாயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. அவற்றுள் பல உயர்ந்த வேலிக்குள் வளர்க்கப்படுகின்றன. விலைப்பட்டியல் உண்டு. பணம் கட்டியவர் வந்து, தெரிந்தெடுத்துச் சுட்டு, கொம்பைச் சுவரில் மாட்ட எடுத்துச் செல்கிறார். பண்ணைக்காரர்கள் சொல்லும் வாதத்திலும் ஓர் உண்மை உண்டு: விலை இருப்பதால்தான் இவ்வினம் இங்கே பிழைத்திருக்கிறது என்கிறார்கள். பாகிஸ்தானில் வெளிமான் அழிந்தபோது டெக்சாசிலிருந்தே சில மான்கள் அங்கு அனுப்பப்பட்டன என்பதும் வரலாறு. ஆயினும் இனம் பிழைத்தது என்பதால், தீவனத் தொட்டிக்கு வந்து பழகிய மானைச் சுடுவது வீரமாகிவிடுமா? ரூஸ்வெல்ட்டின் கழகமே தப்ப முடியாத வேலிக்குள் வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

திருச்சபையின் நினைவு

இனி நம் திருச்சபையின் பக்கம் வருவோம். வேட்டை பற்றி அதற்கு நெடிய அனுபவம் உண்டு. அது பெருமைக்குரியதாக மட்டும் இல்லை. 506ஆம் ஆண்டு ஆக்டே நகரில் கூடிய சங்கம், ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் வேட்டைக்கென நாயும் வல்லூறும் வைத்திருக்கலாகாது என விதித்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் குருகுலத்தார் அனைவருக்கும் வேட்டையை விலக்கியது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் அது இருந்தது. குருக்கள் வேட்டையில் ஈடுபடலாகாது. ஆரவார வேட்டையை ஒருபோதும் நடத்தலாகாது. பதினான்கு நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், திரும்பத் திரும்ப மீறப்பட்டது என்றுதானே பொருள்!

1567ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், அடைத்த அரங்கில் காளைகளோடும் பிற விலங்குகளோடும் போரிடும் காட்சிகளுக்குத் தடை விதித்தார். மீறிய அரசர்களுக்கும் சபை விலக்கு என்றார். எட்டே ஆண்டுகளில், ஸ்பானிய மன்னரின் வேண்டுகோளால், அடுத்து வந்த திருத்தந்தை பொதுநிலையினருக்கு அத்தடையைத் தளர்த்தினார். அதே ஆண்டில்தான் அக்பரின் பெரிய கமர்காவும் நடந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விவிலியம் வேட்டையை முற்றிலும் விலக்கவில்லை. இணைச்சட்ட நூல் மானை உண்ணத்தக்க விலங்குகளில் சேர்க்கிறது. ஆனால், வேட்டையாடியவன் அதன் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்கிறது லேவியர் நூல். உயிர் ஆண்டவருடையது, அதை எடுத்தவன் குனிந்து, கையால் மண்ணை அள்ளிப் போட்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொம்பைச் சுவரில் மாட்டுவதற்கும் இரத்தத்தை மண்ணில் மூடுவதற்கும் இடையேயுள்ள தூரமே இரண்டு மனங்களுக்கு இடையேயுள்ள தூரம். விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் அதைக் காட்டுவான் என்று புனித அக்குவினா தோமையார் எச்சரித்தார். தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என 1992ஆம் ஆண்டு வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் அதை மீண்டும் நினைவூட்டினார்.

நம் முன்னோர் இதைச் சட்டமாக அல்ல, கூத்தாகக் கற்றார்கள். தமிழகத்திலும் ஈழத்திலும் கத்தோலிக்கர் ஆடிய எஸ்தாக்கியார் நாடகத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். உரோமைப் படைத்தலைவன் ஒருவன் காட்டில் ஒரு மானைத் துரத்துகிறான். மான் பாறைமேல் ஏறி, நின்று, திரும்பிப் பார்க்கிறது. அதன் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்கிறது. என்னை ஏன் துரத்துகிறாய் என்று ஆண்டவர் கேட்கிறார். வேட்டையாட வந்தவன் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெறுகிறான். மான் திரும்பியது, மனிதன் மனந்திரும்பினான்.

பாஞ்சாலங்குறிச்சி முயலும் எஸ்தாக்கியாரின் மானும் இங்கே சந்திக்கின்றன. இரண்டும் திரும்பி நின்றன. துரத்துபவன் அதன் முகத்தைக் கண்டான். வேலிக்குள் அடைத்ததன் முகத்தை எவனும் காண்பதில்லை; கொம்பின் அளவையே காண்கிறான். துரத்தும் வேட்டைக்கும் அடைத்த வேட்டைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. முன்னதில் மனம் மாற ஒரு கணம் எஞ்சுகிறது. பின்னதில் முடிவு பணம் கட்டிய அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதனால் முன்னது நல்லது என்று நாம் சொல்லவில்லை. இன்று நம் நாட்டில் அது சட்டப்படியும் குற்றம். ஆனால் பின்னது வேட்டை என்ற பெயருக்கே உரியதன்று.

விவசாயியின் கேள்வி

எனினும் கிணற்றங்கரையில் கேட்ட விவசாயிக்கு இது போதுமா? அவர் கொம்புக்காகக் கேட்கவில்லை, வயிற்றெரிச்சலில் கேட்டார். மழையை நம்பி விதைத்து, மருந்துக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, கதிர் பிடிக்கும் நேரத்தில் பன்றியும் மானும் புகுந்தால் அவர் என்ன செய்வார்? இழப்பீடு வந்து சேரும்வரை வட்டி காத்திருப்பதில்லை. மானைக் காப்பது நாட்டின் கடமை என்றால், அதன் செலவை ஒரு ஏக்கர்க்காரர் மட்டும் சுமப்பது நீதியாகாது. இதை நகரத்தில் இருந்துகொண்டு விலங்கன்பு பேசுவோரும், பீடத்தில் நின்று பிரசங்கிக்கும் நாமும் முதலில் ஏற்க வேண்டும்.

அதை ஏற்றபின், அவரிடமும் ஒன்றைச் சொல்லும் உரிமை நமக்குண்டு. மான் ஞாயம் பார்க்காது, உண்மை. அதற்கு ஞாயம் தெரியாது. ஞாயம் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் மட்டுமே கொடுக்கப்பட்டது. பயிரைக் காக்க விரட்டுவது வேறு; கிணற்றில் விழுந்து நடுங்குவதைச் சூழ்ந்து அடிப்பது வேறு. முன்னது தற்காப்பு. பின்னது, ஓட முடியாத ஒன்று கையில் சிக்கியதால் மட்டுமே எழும் துணிவு. இரவில் புஞ்சையைச் சுற்றித் திருட்டு மின்கம்பி கட்டுவதும் இத்துணிவே. அது பன்றிக்கும் மானுக்கும் மட்டுமல்ல, விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துப் புஞ்சைக்காரருக்கும் எமனாகிறது. அப்படிச் செத்தவர்களை இந்நாட்டுக் கிராமங்கள் அறியும்.

ஓட முடியாதவர்கள் மான்கள் மட்டுமா? கடனில் கட்டுண்டவர், வேலைக்காரச் சிறுமி, வழக்கில் சிக்கிய ஏழை, படுக்கையில் விழுந்த முதியோர்: நம் கிணறுகளில் விழுந்து கிடப்போர் பலர். அவர்களைச் சுற்றி நிற்கும்போது நம் கையில் கயிறு இருக்கிறதா, கம்பு இருக்கிறதா? கட்டுண்டு கொண்டுவரப்பட்டவராகவே நம் ஆண்டவர் பிலாத்தின் முன் நின்றார். அவரைச் சூழ்ந்தவர்களும் அன்று தங்களை வெற்றி பெற்றவர்களாகவே எண்ணினார்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். வாழ்நாளில் எத்தனை முயல்களைக் கொன்றாரோ, கணக்குத் தெரியாது. ஆனால், ஒரு மானை விடச் சொன்னார் என்பதற்கு நாம் சாட்சி. வேலி அடைத்து வேட்டையாடிய பூங்காவின் பெயர் பேரின்ப வீட்டுக்கு வந்தது என்று முன்னர்ச் சொன்னோம். அவ்வீட்டின் வாசலில், கிணற்றிலிருந்து ஏறி ஓடிய அந்தப் புள்ளிமானை நினைத்து அவர் நின்றிருப்பார் என்று நம்புகிறோம்.